மூன்றாவது குழி

எங்கள் அப்பா குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். மண்வெட்டியை ஓங்கிப் போடவே மாட்டார். களைக்கொட்டால் ஒரு பிடி மண்ணைக் கிளறுவார், கையில் அள்ளுவார், உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். மண்புழு தென்பட்டால் அதை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடி ஈரத்தில் விட்டுவிட்டு வருவார். பிறகுதான் அடுத்த பிடி. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்ட அவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்தச் சனிக்கிழமை அவர் மூன்று குழி தோண்ட வேண்டியிருந்தது.

ஆனி மாதக் கடைசி. கத்திரி வெயில் போய் வெகுநாளாகியும் நெய்வேலிச் செம்மண்ணின் சூடு இறங்கவில்லை. அப்பாவுக்கு பவர் ஹவுஸில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டவுன்ஷிப்பே அப்போது புதுசு. எங்கள் பிளாக்கில் நட்டிருந்த மரமெல்லாம் என் உயரம்தான் இருக்கும். எனக்கு ஒன்பது வயது.

ரோஜாப் பதியன்களைக் கொண்டுவந்தது மாமா. அம்மாவின் தம்பி. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு, பர்மனென்ட் ஆகிறவரைக்கும் என்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஆபீசர் பங்களாத் தோட்டக்காரர் ஒருவர் அவருக்குச் சிநேகம். அவரிடம் கெஞ்சி வாங்கிய மூன்று பதியன்களை ஈரச் சாக்கில் சுற்றி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துவந்தார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. முதல் பூவை மாடத்து விளக்குக்குத்தான் வைக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் ஊர் வடலூரை ஒட்டியது. தலைமுறையாகச் சன்மார்க்கத்தில் இருக்கும் குடும்பம். ஓர் உயிரையும் கொல்லக் கூடாது, புலால் தின்னக் கூடாது, பசித்து வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது. இவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரிந்த வேதம். ஆனால் அதில் ஒரு நூலளவுகூட விலக மாட்டார். அம்மா குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் வீட்டுப் பெண். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு வாசனை தெருக்கோடி வரை வரும். கல்யாணத்தன்று இந்த விளக்கின் முன்னால் நின்று, இனித் தொட மாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். மாமா எங்கள் வீட்டில் இருக்கும்வரை சைவம். வெளியே என்ன சாப்பிடுகிறார் என்று அப்பா கேட்பதில்லை.

"மாமா, நீங்க இந்த வேகத்துல தோண்டிகினு இருந்தா, நம்ம மைன்ஸ்ல கரிய எடுக்கறதுக்குள்ள என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்" என்றார் மாமா. அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"அவசரம் நமக்குத்தான் தம்பி. அடியில இருக்கற புழுவுக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றார் அப்பா, கண்ணை எடுக்காமல்.

"அதெல்லாம் ஏற்கனவே குவார்ட்டர்ஸ் மாத்திகினு போயிருக்கும், போங்க."

அப்பாவே சிரித்துவிட்டார். வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தாள். சிரித்த கையோடு எழுந்து பின்பக்கம் ஓடினாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அம்மாவுக்கு அப்போது மூன்று மாதம். எனக்குப் பின்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இரண்டையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. இந்தத் தடவையும் டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை, இப்படியே போனால் இதுவும் தங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா கீரையாக வாங்கிவந்தார். பேரீச்சம்பழம் வாங்கிவந்தார். இரவில் விளக்கின் முன் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். எது உள்ளே போனாலும் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது.

மூன்று குழியும் முடியும்போது மணி ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவுக்கு இரண்டு மணி ஷிப்ட். கையைக் கழுவிக்கொண்டு, நாலு வாய் மோர்சோறு சாப்பிட்டுவிட்டு, "நட்டு வச்சிடு தம்பி. நாளைக்கி சன்மார்க்க சங்கத்து ஆளுங்க வராங்க, பாக்க லட்சணமா இருக்கட்டும்" என்று சொல்லி சைக்கிளை எடுத்தார். மறுநாள் எங்கள் வீட்டில் பாராயணம். ஏழு அன்பர்கள் வருவதாக இருந்தது. பாராயணம் முடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு. குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளிலிருந்து அப்பா எதிர்பார்த்திருந்த நாள் அது.

அப்பா தெருமுனை திரும்பியதும் மாமா என்னிடம் கூடையைக் கொடுத்தார். பக்கத்து ஊர் வடக்குத்துக்குப் போய் மக்கின எரு ஒரு கூடை வாங்கி வா என்றார். இங்கேயே பின் பிளாக்கில் பால்காரர் வீட்டில் எரு கிடைக்குமே என்றேன்.

"அது பச்ச எருவு, பாப்பா. வேர் வெந்து போயிடும். நீ போயிட்டு மெதுவா வா. மூணாவது செடிய உன் கையாலதான் நடப் போறோம்."

அந்த ஆசையில் வெயிலைப் பார்க்காமல் போய்விட்டுத் திரும்பினேன். வீடு நெருங்கும்போதே சாம்பிராணி மணம் தெருவரைக்கும் அடித்தது. உள்ளே போனால் கண் தெரியாத புகை. விளக்கேற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். அம்மா கூடத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வேர்வை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படி ஆழ்ந்து தூங்கி அவளைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

வெளியே வந்து பார்த்தால் மூன்று குழியும் மூடியிருந்தது. மூன்று செடியும் நட்டாகிவிட்டது. மூன்றாவது குழியின் மண்ணை மாமா காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் கூடையைக் கீழே போட்டு ஓவென்று அழுதேன். மாமா பதறிப்போய், "இது உன் செடிதான், பாப்பா. தண்ணி நீதான் ஊத்தணும். உன் கைராசியிலதான் தழையணும்" என்று சமாதானம் சொன்னார். எருவை மேலாகத் தூவி, நான் தண்ணீர் ஊற்றினேன். நிறையப் பூக்க வேண்டும், தம்பிப் பாப்பா பிறக்க வேண்டும் என்று இரண்டு வேண்டுதலையும் அந்தச் செடியின் தலையிலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து அன்பர்கள் வந்தார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. அவர்களில் மூத்தவர் தலையையும் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு ரோஜாச் செடிகளைப் பார்த்து, நல்லா இருக்கு அய்யா என்று சொன்னார். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தையே போதும். அம்மா முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தாள். விடியலிலேயே எழுந்து ஓர் அண்டா வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சுவும் செய்து முடித்திருந்தாள். எல்லோரும் விளக்கின் முன் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். நான் வாசற்படியில் செருப்புகளுக்குக் காவல்.

எங்கள் பிளாக்கில் ஒரு செவலை நாய் உண்டு. அதற்கு எஜமான் கிடையாது. காலையில் அப்பா ஊற்றும் கஞ்சிதான் அதற்கு ஆதாரம். அது வேலிச் சந்து வழியாக உள்ளே வந்து மூன்றாவது செடியைச் சுற்றிச் சுற்றி மோந்தது. பிறகு முன்னங்காலால் பறக்கப் பறக்கத் தோண்ட ஆரம்பித்தது.

என் செடி! நான் கையை ஓங்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் அது தலையை உள்ளே விட்டு எதையோ கவ்வி இழுத்துவிட்டது. என்னைக் கண்டு வெளியே ஓட வேண்டிய நாய், கஞ்சி ஊற்றுகிற வீட்டின் மேல் உள்ள நம்பிக்கையில் நேராக எங்கள் வாசலுக்கே ஓடியது. அன்பர்களின் செருப்புகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு கடிக்க ஆரம்பித்தது. நறுக் நறுக்கென்ற அந்தச் சத்தத்தில் உள்ளே பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

அப்பா வெளியே வந்தார். ஏதோ குச்சி என்று நினைத்துக்கொண்டு, "என்னடா அது, குடு" என்று செல்லமாகக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

ஒரு சாண் நீளத்தில் ஆட்டுக்கால் எலும்பு.

அப்பா நிமிர்ந்து நாய் வந்த வழியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கிளறிய செம்மண்ணில் இன்னும் இரண்டு மூன்று எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. முந்தின நாள் வேண்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றியதெல்லாம் இதற்கா? என் உள்ளங்கையைப் பாவாடையில் அழுத்தி அழுத்தித் துடைத்தேன்.

வெள்ளைத் துணி போட்ட மூத்தவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "அய்யா, இது உங்க வூட்டு வாசல்தானே?" என்று மட்டும் கேட்டார்.

"நாங்க இன்னொரு நாளைக்கி வரோம்."

ஏழு பேரும் இறங்கினார்கள். செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிய பிறகு போட்டுக்கொண்டார்கள். உள்ளே ஓர் அண்டா பொங்கல் மூடியபடி இருந்தது. அப்பாவின் வீட்டிலிருந்து ஆட்கள் பசியோடு போனது அன்றுதான்.

மாமா கொல்லைப்பக்கக் குழாயிலிருந்து குடத்தோடு வந்தவர், நின்று பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடத்தை இறக்கி வைத்தார்.

"நான்தான் மாமா" என்றார். "ரோசாவுக்கு எலும்பு போட்டா பூவு கையகலம் பூக்கும்னு தோட்டக்காரன் சொன்னான். மந்தாரக்குப்பம் கறிக்கடையில கேட்டு வாங்கியாந்து அடியில போட்டேன். உங்ககிட்ட சொன்னா வுட மாட்டீங்கன்னு சொல்லல."

"விளக்குக்கு வைக்கிற பூவுக்கா?" அப்பாவின் குரல் கிழிந்து வந்தது. "ஏன்டா, விளக்குக்கு வைக்கிற பூவுக்காடா?"

அவர் யாரையும் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "என்னாங்க… அவன் இல்லைங்க…" என்று தொடங்கினாள்.

"அக்கா, நீ சும்மா இரு" என்று மாமா அதட்டினார். அக்காவை அவர் அதட்டியதும் எனக்கு அதிர்ச்சிதான். "தப்பு பண்ணது நான். நீ எதுக்கு நடுவுல வர?"

"பெட்டிய எடுத்துகினு கெளம்பு" என்றார் அப்பா. "ஒன் மூஞ்சில முழிக்கிற தெம்பு எனக்கு இல்ல."

மாமா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கான்ட்ராக்ட் ஆட்கள் தங்கும் கொட்டகைப் பக்கமாக நடந்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். தம்பி போகிறானே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

மத்தியானம் வரை அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது குழிக்குப் போனார். எலும்புகளையெல்லாம் பொறுக்கித் தூரத்தில் எங்கேயாவது கொண்டுபோய்ப் புதைத்துவிடுவது என்று முடிவு. ஆனால் செடியைப் பிடுங்கி எறிய அவருக்கு மனசு வரவில்லை. அதுவும் உயிர்தானே. வேரோடும் மண்ணோடும் மெதுவாகப் பெயர்த்து என் மடியில் வைத்தார். "புடிச்சுக்க, பாப்பா. வேர் காஞ்சிடாம பாத்துக்க."

அப்பா களைக்கொட்டால் கிளறினார். நேற்றுப் போலவே ஒவ்வொரு பிடியாக. எலும்பு வர வர எடுத்துத் துண்டில் வைத்தார். இரண்டு மூன்று வைத்த பிறகு, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தார். உள்ளே எலும்பு மஞ்சளாக இருந்தது. குழம்புக்குப் போடுகிற மஞ்சள் அவர் விரலிலும் ஒட்டியது. எலும்பின் முனை உடைந்து உள்ளே காலியாக இருந்தது. அதற்கும் அடியில் ஒரு மண்சட்டியின் ஓடுகள் வந்தன. புதுச்சட்டி. வெளியே மட்டும் ஒரு தடவை அடுப்பேறின கரி. உள்பக்கம் இடித்த மிளகு ஒட்டியிருந்தது.

அப்பா ஓர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மடி ஈரமாகிவிட்டது.

"நேத்து மத்தியானம் நீ எங்க இருந்த, பாப்பா?"

"மாமா எருவு வாங்கியாரச் சொன்னாங்கப்பா. வடக்குத்துக்குப் போனேன்."

"நீ வந்தப்ப அம்மா என்னா பண்ணிகினு இருந்தா?"

"தூங்கிகினு இருந்தாங்க. வூடு பூரா சாம்பிராணி போட்டிருந்துச்சு." அப்பாவுக்குச் சந்தோஷமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அம்மா நேத்துலேருந்து ஒரு தடவகூட வாந்தி எடுக்கலப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். திறந்திருந்த கதவின் வழியாக அம்மாவின் பாதங்கள் மட்டும் பாயில் தெரிந்தன. அப்பாவின் கண்ணில் நீர் நிறைந்து, வழியாமல் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்து நான் கல்லாகிப்போனேன். துண்டில் இருந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அந்தக் குழிக்குள்ளேயே வைத்தார். மண்புழுவைக்கூட நசுக்காத கையால். சட்டி ஓடுகளையும் வைத்தார். மண்ணைத் தள்ளி, என் மடியிலிருந்த செடியை வாங்கி நட்டு, நாய் தோண்டாதபடி சுற்றிலும் கருங்கல் ஜல்லி பரப்பினார். காலால் மிதிக்கவில்லை. கையால் அழுத்தினார்.

"அப்பா, பாவம் இல்லியாப்பா?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட இதப் பத்தி ஒண்ணும் கேக்காத, பாப்பா" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். வெயில் சாயும்போது திரும்பி வந்தார். கேரியரில் மாமாவின் தகரப் பெட்டி. பின்னால் மாமா நடந்து வந்தார், தலையைக் குனிந்தபடி. அம்மா எழுந்து நின்றாள். "பொங்கல் இருக்குதில்ல? தம்பிக்குப் போடு. நீயும் சாப்புடு" என்றார் அப்பா. ஆறிப்போன பொங்கலை நாங்கள் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சங்கத்து அன்பர்கள் அதன் பிறகு எங்கள் வீட்டில் பாராயணம் வைக்கவில்லை. அப்பா அவர்களிடம் விளக்கம் சொல்லவும் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வடலூர் சபைக்குப் போக ஆரம்பித்தார். அதுவரை மாதத்துக்கு ஒரு தடவைதான் போவார். இப்போது ஷிப்ட் இல்லாத ஞாயிறு ஒன்றுகூடத் தவறவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "தம்பி, நாங்க வர மூணு மணி ஆவும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார். மாமா தரையைப் பார்ப்பார். வீட்டில் நடந்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அப்பா இவ்வளவு பக்தியாகிவிட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

தை மாதம் தம்பி பிறந்தான். அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா அதன் பிறகு சாகும்வரை புலாலைத் தொடவில்லை. அவள் சத்தியத்தை அவள் மீறினாள் என்று நான் எழுத மாட்டேன். நானும் இன்றுவரை சைவம்தான், தினமும் அதே விளக்கை ஏற்றுகிறவள்தான். இதை எழுதுவது சரிதானா என்று அந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் முதல் பிள்ளையைச் சுமந்தபோது, வாந்தியில் துவண்டு படுத்திருந்த ஒரு பகலில்தான் எனக்கு உறைத்தது. உரமாகப் போடுகிற எலும்புக்கு யார் மஞ்சளும் மிளகும் போடுவார்கள்? தூக்கிவாரிப் போட்டது. பாயை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாமா ஆட்டுக்கால் வாங்கிவந்து, அம்மா சூப்பாகக் குடித்து, பிள்ளை தங்கியிருக்கிறது. மாமா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா எல்லாம் தெரிந்தும், தன் வீட்டைவிட்டுத் தானே ஞாயிறுதோறும் வெளியே போயிருக்கிறார்.

அந்த ஞாயிறுகளில் சபையைச் சுற்றிவிட்டு, வெயிலில் வடலூர் பஸ் நிற்குமிடத்தில் நிற்போம். எனக்குப் பசி காதை அடைக்கும். நெய்வேலி பஸ் வந்து நிற்கும். நான் ஏறப் படியில் கால் வைப்பேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொள்ளுவார்.

"இது வேணாம், பாப்பா. கூட்டமா இருக்கு. அடுத்ததுல போவலாம்."

நான் எட்டிப் பார்ப்பேன். பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக இருக்கும். அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுவேன்.